வழக்கமாக நடந்து செல்லும் வழி

லைசென்ஸ் அதிகாரி நாளைக்குக் கடையைப் பார்க்க வருகிறார் என்று போன் வந்ததுமே வீட்டுக்காரர் தன் மனைவிக்குச் சொன்ன முதல் புத்திமதி, "நீ வாயைத் திறக்காதே" என்பதுதான். முப்பது வருடமாக அவர் சொல்லிவரும் புத்திமதி அது. முப்பது வருடமாக அவள் கேட்டதில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தண்ணி வேணுமான்னு கேக்கலாம். டீ வேணுமான்னு கேக்காதே. டீன்னா உக்காருவாரு, உக்காந்தா நீ பேசுவே, நீ பேசினா போச்சு."

"ஒரு டீ குடுத்தா லஞ்சமா?"

"நீ லஞ்சம் குடுத்தாக்கூட எனக்குப் பயமில்ல. பேசுவியேன்னுதான் பயம்."

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் பேசினாலும் திரும்பாமல் ஓட்டிப் பழகியவர். வீட்டிலும் அப்படித்தான், அவள் பேசப் பேச அவர் நேராகப் பார்த்துக்கொண்டு ம் கொட்டுவார். அவள் அப்படியில்லை. பேசாமல் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். பால்காரரிடம் ஆரம்பித்தால் பால் ஏடு கட்டிவிடும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருகிறார்கள், மீதிப் பேர் அவள் பேச்சைக் கேட்க வருகிறார்கள் என்று வீட்டுக்காரரே மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அவளிடம் மட்டும் சொல்லமாட்டார்.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். அவள் அப்பா காலத்தில் அது நோட்டும் பேனாவும் விற்ற கடை. சுற்று வட்டாரத்தில் அதற்குப் 'பென்சில் கடை' என்றுதான் பெயர். பெரிய பெரிய கடைகள் வந்து பென்சில் வியாபாரத்தை வாரிக்கொண்டு போன பிறகு, அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பு, தைலம், மூலிகை டீ என்று மாறினாள். போர்டில் 'நலவாழ்வு' என்று எழுதினாள். அப்படியும் கடை இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு அலமாரி. ஹெம்ப் அலமாரி.

ஹெம்ப் என்பது கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மயக்கம் கியக்கம் ஒன்றும் கிடையாது. விதை, எண்ணெய், மூட்டில் தடவும் களிம்பு, சோப்பு என்று ஒழுங்காக உழைத்துப் பிழைக்கிற சாது. ஆனால் குடும்பப் பெயர் கெட்டுப்போனால் சாதுவையும் நாலு பேர் ஒரு மாதிரித்தானே பார்ப்பார்கள். கூப்பிடுகிறவர்கள் அவளைக் 'கஞ்சாக்கடை அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. முட்டி வலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், சும்மா என்னதான் என்று பார்க்க வந்தவர்கள் என்று வியாபாரம் நடந்தது. அந்த அலமாரி ஓடினால் கடை ஓடும். அது நின்றால் கடை நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. இனிமேல் ஹெம்ப் விற்கிற எந்தக் கடைக்கும் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் அலமாரியைக் காலி செய்துவிட வேண்டும். சாமான் பூட்டிய கண்ணாடிக்குள் இருக்க வேண்டும், வயது பார்த்து விற்க வேண்டும், ஒவ்வொரு பாட்டிலுக்கும் பரிசோதனைச் சான்று இருக்க வேண்டும். எல்லாம் சரி, செய்துவிட்டாள். இந்த நோய் குணமாகும், அந்த வலி போகும் என்று எழுதவும் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது என்ற இடத்தில்தான் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. 'மூட்டு வலிக்கு டாட்டா' என்று அவளே கலர் பேனாவில் எழுதி ஒட்டிய அட்டையை வீட்டுக்காரர் கழற்றியபோது கூடவே நின்று பார்த்தாள். அழகான அட்டை அது.

கடைசி விதி தூரத்தைப் பற்றியது. பள்ளிக்கூட வாசலிலிருந்து கடை வாசல் வரை, பொதுமக்கள் வழக்கமாக நடந்து செல்லும் வழியாக அளந்தால், முந்நூறு மீட்டருக்குக் குறையக்கூடாது. இதில்தான் ஒரு சிக்கல். பள்ளிக்கூடம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் அதன் வாசல் பின்சந்தில். அந்தச் சந்து வளைந்து நெளிந்து, பட்டறையைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பேக்கரி முனையில் மெயின் ரோட்டைப் பிடித்து, அப்புறம்தான் கடைக்கு வரும். வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, தூரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ரோடு வழியாகப் போனால் தாராளம்தான்.

ரோடு வழியாக யார் போனார்கள்?

கொல்லைச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழையலாம். அந்தப் பக்கம் சந்து, சந்துக்கு எதிரே பள்ளிக்கூட வாசல். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அண்ணன் போட்ட ஓட்டை அது. மழையில் ஊறிச் சாய்ந்திருந்த சுவரில், அண்ணனும் அவனுடைய சிநேகிதனும் சேர்ந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு செங்கலாகப் பிடுங்கினார்கள். சுற்றிப் போய் தினமும் லேட்டாகி அடி வாங்குவதற்கு இது மேல் என்பது அண்ணனின் வாதம். அப்பா கண்டுபிடித்து முதுகில் நாலு வைத்தார். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய நோட்டுக் கட்டை அதே ஓட்டை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அண்ணன் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் அவளுக்குக் கேட்கும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் முதலில் அண்ணன் நுழைவான். அடுத்து அவன் சிநேகிதன். உயரமானவன், கழுத்து முன்னால் போகும், உடம்பு பின்னால் வரும். 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தது அவள்தான். கடைசியில் அவள். எங்கே போனாலும் இரண்டு பேர் பின்னாலும் தொங்கிக்கொண்டு போனதால் அவளுக்கு 'வாலு' என்று பெயர். அதை வைத்தது ஒட்டகம். பழிக்குப் பழி.

படிப்பு முடிந்ததும் அண்ணன் தூரத்தில் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். அப்பாவுக்கு இஷ்டமில்லை. முன்வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகவே போனான். "வந்துடுவேன் வாலு, அழாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாவது வருடம் அங்கே ஒரு காய்ச்சலில் செத்துப்போனான். செய்தி வந்து சேருவதற்குள் எரித்துவிட்டார்கள். ஒரு பையில் இரண்டு சட்டை வந்தது. அப்பா நம்பினார், அம்மா நம்பினாள், ஊரெல்லாம் நம்பியது. பதின்மூன்று வயதில் வழியனுப்பியவளுக்கு மட்டும் அது மனதில் இறங்கவில்லை. பார்க்காத சாவை எப்படி நம்புவது? யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் கொல்லையில் சருகு சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஒரு கணம் கையிலிருக்கும் வேலை நின்றுபோகும்.

அதனால் அந்த ஓட்டையை அவள் அடைக்க விட்டதே இல்லை. கல்யாணத்தின்போது சுவருக்கு வெள்ளை அடிக்க வந்தவர்கள் பூசிவிடட்டுமா என்றார்கள், கூடாது என்றாள். யாரோ புகுந்து காயப்போட்ட துணியைத் திருடிக்கொண்டு போனார்கள், அப்போதும் கூடாது என்றாள். வீட்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்த வழியாகவே ஓடி, கொல்லையில் தண்ணீர் குடித்து, வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் புகுந்து மெயின் ரோட்டில் பஸ் பிடித்தார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் தகரத்தை வெச்சு மறைச்சிடுறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"மறைச்சுக்கோங்க. அடைக்கக் கூடாது."

"நான் அடைப்பேனா?"

மறுநாள் அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி, நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நீளக் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் சாத்தினார். சிரிக்காத முகம். கண்ணாடி அலமாரியைப் பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எழுத்துகளைப் படித்தார். அப்புறம் ஒரு களிம்பு டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது எதுக்கு மேடம்?"

இது தூண்டில் என்று அவளுக்குப் புரிந்தது. "தடவுறதுக்கு சார்."

"தடவினா என்ன ஆகும்?"

"கை வழவழன்னு ஆகும் சார்."

மூலையில் நின்ற வீட்டுக்காரர் கைதட்டாத குறைதான். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். அவர் மீசைக்குள் லேசாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.

அடுத்தது தூரம். விண்ணப்பித்தவர் கூடவே வர வேண்டும் என்பது விதி. வீட்டுக்காரருக்கு முட்டி வலி. அவர்கள் விற்கிற களிம்பு அவர் முட்டியிடம் மட்டும் பலிக்கவில்லை, அதையும் வெளியே சொல்லக்கூடாது. ஆகவே அவளே போனாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சந்தில் யாரும் இல்லை. வாசலுக்கு வந்ததும் அதிகாரி சக்கரத்தை வைக்காமல் பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி, எதிர்ப்பக்கத்துக் கொல்லைச் சுவர்களை வரிசையாக ஒரு நோட்டம் விட்டார். எதையோ தேடுகிற பார்வை. ஓட்டை இருந்த இடத்தில் உள்ளே தகரம்; பிள்ளைகள் தினமும் விலக்கிக்கொண்டு போகும் கொடியை வெளியே வீட்டுக்காரர் இழுத்துவிட்டு மூடியிருந்தார். அவள் அந்த இடத்தைப் பார்க்காமல் பட்டறைப் பக்கம் பார்த்தாள். அவர் சக்கரத்தை உருட்ட ஆரம்பித்தார்.

அவள் பின்னால் நடந்தாள். பட்டறையைத் தாண்டினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள். சக்கரம் டிக் டிக்கென்று சுற்றியது. பேக்கரி முனை திரும்பும்போதுதான் அவள் கவனித்தாள். கழுத்து முன்னால் போகிறது. உடம்பு பின்னால் வருகிறது. முன்னால் நின்று பார்த்தபோது முகம் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும், அந்த ஆளை அவள் பார்த்ததெல்லாம் பின்னாலிருந்துதானே. அவளுக்கு அந்தப் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. வீட்டுக்காரர் முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள். மெயின் ரோடு முழுக்க விழுங்கிக்கொண்டே வந்தாள்.

கடை வாசலில் சக்கரம் நின்றது. அதிகாரி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "தூரம் சரியா இருக்கு மேடம். எல்லாம் ஒழுங்கா வெச்சிருக்கீங்க. லைசென்ஸ் வந்துடும்."

வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதிகாரி சக்கரத்தை மடக்கினார். இன்னும் நாலு அடி எடுத்து வைத்தால் போய்விடுவார். கடை பிழைத்தது.

"சார், டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவால்ல மேடம், வேணாம்."

"நீங்க ஒட்டகம்தானே?"

அதிகாரி அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அந்தப் பேரைச் சொல்றதுக்கு எனக்கு இப்போ ஆள் கிடையாதே" என்றார் மெதுவாக. அப்புறம் கடையை, கூரையை, அவளை மாறி மாறிப் பார்த்தார். "வாலு?"

"வாலுதான்."

"அப்போ இது பென்சில் கடையா? எனக்குத் தெரியவே இல்லையே. நான் என்னைக்கு முன்பக்கமா வந்தேன், எப்பவும் பின்னாடிதானே வருவேன்." அவர் குரல் ஆபீஸ் குரலாக இல்லை. "மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. சந்துல நின்னு அந்த ஓட்டையத் தேடினேன். கொடி மண்டிக் கிடக்கு. வீட்டையே இடிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்."

டீ வந்தது. அதிகாரி உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பயந்தது எதுவோ அது அப்படியே வரிசை தவறாமல் நடந்தது. அவள் அப்பா போன கதை, அம்மா போன கதை, கணக்கு வாத்தியார் கண்ணாடியை ஒளித்து வைத்த கதை என்று ஓடியது. அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். அண்ணன் பெயரை இருவரும் எடுக்கவில்லை. ஆனால் எல்லாக் கதையிலும் அவன் நடுவில் நின்றான். கடைசியில் அவர்தான் சொன்னார்.

"அப்போ நாங்க ஊரை விட்டுப் போயிட்டோம், அவன் விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒரு வருஷம் அவனுக்குக் கடிதாசி போட்டுக்கிட்டே இருந்தேன்."

அவள் சட்டென்று எழுந்தாள். "வாங்கண்ணே, ஒண்ணு காட்டுறேன்" என்றாள்.

கடையிலிருந்து வீட்டுக்காரர் இருமினார். சாதாரண இருமல் அல்ல. பஸ்ஸுக்குக் குறுக்கே மாடு வந்தால் அடிக்கிற ஹாரன் மாதிரி இருமல். அவள் காதில் விழவில்லை. கொல்லைக்குப் போய், தகரத்தைத் தன் இரண்டு கையாலும் நகர்த்தி, கொடியை விலக்கினாள். நாக்கில் சனி என்பார்கள், இது கையிலும் சனி.

"அப்படியே இருக்கா" என்றார் ஒட்டகம். அந்த வயதில், அந்த உத்தியோகத்தில், அந்த இஸ்திரி போட்ட சட்டையோடு குனிந்து கழுத்தை விட்டார். மாட்டிக்கொண்டார். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, சிரிப்பு அடங்காமல் கையை உள்ளே நீட்டினார். அவளும் புடவையைச் செருகிக்கொண்டு நுழைந்தாள். எத்தனையோ வருடமாக அவள் நுழையவில்லை. இரண்டு பேரும் சந்தில் நின்று, உடம்பெல்லாம் சுண்ணாம்போடு, பைத்தியங்கள் மாதிரி சிரித்தார்கள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது மணி அடித்தது. எதிரே வாசல் திறந்தது. பிள்ளைகள் மடை திறந்த மாதிரி வந்தார்கள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க" என்றது ஒன்று. பையை முதலில் ஓட்டைக்குள் எறிந்துவிட்டுத் தானும் புகுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒட்டகம் சுவரோரமாக ஒதுங்கி நின்று பூரித்துப்போய்ப் பார்த்தார்.

"இன்னும் போறாங்களா? தினமும் இப்படியா?"

"பின்ன? சுத்திப் போனா பஸ் போயிடுமே. வழக்கமா எல்லாரும் இந்த வழியாத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. வழக்கமாக. சட்டத்தில் இருந்த அதே வார்த்தை. நாலு நாளாக வீட்டுக்காரர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்ன வாக்கியத்தில் நடு மத்தியில் உட்கார்ந்திருந்த வார்த்தை.

ஒட்டகத்தின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

அவர் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். அதை அளக்கச் சக்கரம் தேவையில்லை. "வாலு, நான் இதைப் பாத்திருக்கக் கூடாது" என்றார்.

"பாக்காத மாதிரி போயிடுங்கண்ணே."

"பாத்துட்டேனே."

திரும்பிக் கடைக்கு வந்தார்கள், இந்தத் தடவை ரோடு வழியாக. அவர் எழுதியிருந்ததை அடித்தார். கடை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "சுவரை அடைச்சிடு. அடைச்சுட்டு எனக்குத் தகவல் சொல்லு. நானே வந்து மறுபடி அளந்து குடுக்கிறேன். அடைக்கலேன்னா என்னால முடியாது."

"அது அண்ணன் போட்ட வழி."

"தெரியும். பாதிச் செங்கல் நான் எடுத்தது."

"அப்படியிருந்தும் அடைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அவர் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டகமாம் ஒட்டகம். டீயைக் குடித்துவிட்டுத் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போகிறார். போட்டது அவரா, தானா என்று யோசித்தபோது கோபம் இரண்டு மடங்கானது.

வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாகச் சண்டை போட்டு அழுதிருக்கலாம். அவர் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது குனிந்துகொண்டே சொன்னார். "அலமாரிய எடுத்துடணும்னா எடுத்துடலாம். என் பென்ஷன் இருக்கு. கடைய மூடினா நாலு நாள் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும். நீ என்ன சொல்றியோ அதான்."

"கடைய மூடிட்டு நான் யார்கிட்டப் பேசுறது?"

"என்கிட்டத்தான்."

"நீங்க ம் கொட்டுவீங்க."

"ம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் கொல்லையில் நின்று பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்து கடையின் பின் ஜன்னல் தெரியும். ஜன்னல் வழியாக அலமாரி தெரியும். மீசை கூட முளைக்காத ஒருவன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து, "ஆன்ட்டி, அதைக் குடிச்சா பறக்கலாமாமே?" என்று கேட்டான். "குடிச்சா பேதியாகும், போடா" என்று விரட்டினாள். விரட்டிவிட்டு அப்படியே நின்றாள். சட்டம் போட்டவன் ஒன்றும் முட்டாள் இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளுக்கு ஆகவே இல்லை. சட்டம் அநியாயமாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வரச் சொன்னாள். துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த செங்கல்களை அவர் உருவிப் பார்த்தார். "பழைய செங்கல் நல்லா கெட்டியா இருக்கேம்மா. சுவரும் இதே செங்கல்தான். இதையே வெச்சுப் பூசிடலாம், புதுசு வேணாம்" என்றார். அண்ணன் பிடுங்கிய செங்கல்கள்தான் அவை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி ஒவ்வொன்றாக வைத்தார். பாதி வரை வந்ததும் அந்தப் பக்கம் பள்ளிக்கூட வாசல் மறைந்தது. அப்புறம் சந்து மறைந்தது. கடைசிச் செங்கலுக்கு முன்னால், "கொஞ்சம் இருங்க" என்றாள். குனிந்து வெளியே பார்த்தாள். சந்தில் வெயில் மட்டும் இருந்தது. "சரி, வையுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மணி அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓடி வந்து நின்றது. "அடைச்சுட்டாங்கடா" என்றது ஒரு குரல். "ஆன்ட்டி, நாங்க எப்படிப் போறது?" என்றது இன்னொன்று.

"ரோடு வழியா போங்க" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "பஸ் நிக்கச் சொல்லி நான் டிரைவர்கிட்டச் சொல்லியிருக்கேன்." வீட்டுக்காரரை விட்டுப் பழைய சகாக்களிடம் சொல்ல வைத்திருந்தாள். அது உண்மைதான். ஆனாலும் அந்தச் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.

தகவல் சொன்ன அன்றைக்கே ஒட்டகம் வருவதாகச் சொல்லி அனுப்பினார். சக்கரத்தோடு அவரே தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். மறுபடி அளக்கும்போது விண்ணப்பித்தவர் வர வேண்டியதில்லையாம், இந்தத் தடவை அவளைக் கூப்பிடவில்லை. அவள் கல்லாவில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீ கிடையாது என்று முடிவு செய்திருந்தாள். வார்த்தையும் கிடையாது. வரட்டும், அளக்கட்டும், கையெழுத்துப் போடட்டும், போகட்டும்.

வெகு நேரம் கழித்துச் சக்கரம் டிக் டிக்கென்று வந்து வாசலில் நின்றது. அவர் எண்ணைப் பார்த்தார், குறித்தார், கையெழுத்துப் போட்டார். லைசென்ஸை மேஜைமேல் வைத்தார். முத்திரை வைத்த, தடித்த காகிதம்.

"மாட்டி வெச்சுடு. வர்றவங்க கண்ணுல படணும்" என்றார்.

அவள் எடுக்கவில்லை. "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க சார்?" என்றாள். அந்த 'சார்' வேண்டுமென்றே போட்டது.

"சந்துல நின்னேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு அவன் போனதை யாரும் நேர்ல சொல்லல, வாலு. போட்ட கடிதாசியெல்லாம் திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். எந்த ஊருக்கு மாத்தினாலும் இந்த ஊர் ஓட்டை ஞாபகம் வரும். அது இருக்கிற வரைக்கும் எங்கேயோ அவன் இருக்கான்ங்கிற மாதிரி. இன்னைக்குச் சுவரைத் தொட்டுப் பாத்தேன். பூச்சு இன்னும் ஈரமா இருக்கு. வருவானான்னு நின்னேன். நானே அடைக்கச் சொல்லிட்டு, நானே நிக்கிறேன்."

உலகத்தில் தனக்கு மட்டும்தான் அந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தாள். நாற்பது வருடத்துக்குப் பக்கமாக இன்னொருவர் ஊர் ஊராக அதே பைத்தியத்தைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணன் வரமாட்டான்ண்ணே" என்றாள். "செத்துப்போயிட்டான்."

ஊரில் உள்ளதையெல்லாம் பேசித் தீர்த்த அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, யாரோ வேறு ஒருத்தி சொன்னதைக் கேட்டவள் மாதிரி நின்றாள். ஒட்டகம் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, நீளக் கழுத்தைக் குனிந்து அழுதார். அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்காக அவள் அன்றைக்குத்தான் அழுதாள், ஒப்பாரி மாதிரி, வாய்விட்டு.

தெருவில் யாரோ முட்டி வலிக்காரர் களிம்பு வாங்கப் படியேறி வந்தார். வீட்டுக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

"கடை இல்லையா?" என்று வந்தவர் கேட்டார்.

"இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."